போனுக்குக் கூப்பிடுகிறவர்

மண்ணரையில் மொக்கைச்சாமி பார்த்த வேலைக்கு என்ன பெயர் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. வாக்காளர் பட்டியலுக்கு ஆள் எடுக்க வந்தவர் தொழில் என்ன என்று கேட்டபோது, "போனுக்குக் கூப்புடுறதுங்க" என்றார். வந்தவர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு "கூலி" என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். மொக்கைச்சாமிக்கு அதில் ஒரு மனக்குறை. கூலிக்கு ஊர் முழுக்க ஆள் இருக்கிறது. கூப்பிடுவதற்கு அந்த வீதியில் இருந்தது அவர் ஒருவர்தான்.

இன்றைக்கு இதைச் சொன்னால் சிரிப்பார்கள். பக்கத்து அறையில் படுத்திருப்பவனைச் சாப்பிடக் கூப்பிடுவதற்கும் செல்லை எடுக்கிற சனத்துக்கு, போனுக்குக் கூப்பிடுவது என்று ஒரு வேலை இருந்ததை விளங்க வைப்பது பெரும்பாடு. ஆனால் அது ஒன்றும் ராஜா ராணி காலத்துச் சங்கதி இல்லை. இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருஷம்தான் ஆகியிருந்தது. தேனி, உசிலம்பட்டி, சாத்தூர்ப் பக்கமிருந்து பனியன் கம்பெனிக்கு வேலைக்கு வந்தவர்கள் மண்ணரையில் லைன் வீடுகளில் குடியிருந்தார்கள். ஆளுக்கு ஓர் அறை, அதற்குள்ளேயே அடுப்பு, எல்லாருக்குமாகச் சேர்த்து வீதியில் ஒரு குழாய். போன் யாரிடமும் கிடையாது. ஊரில் இருந்த அப்பன் ஆத்தாளிடமும் கிடையாது. அவர்கள் பக்கத்து டவுனுக்கு வந்து, ஒரு பூத்தில் காத்து நின்று, மண்ணரையில் லிங்கசாமி வைத்திருந்த பூத்துக்குப் போன் போடுவார்கள். "கடைசி லைன்ல ராமாயின்னு இருக்கும், கொஞ்சம் கூப்புட்டு வைங்க, பத்து நிமிஷங் கழிச்சுப் பண்றோம்" என்று சொல்லி வைத்துவிடுவார்கள். அந்தப் பத்து நிமிஷத்துக்குள் ராமாயி குளித்துக்கொண்டிருந்தாலும் சரி, புருஷனோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாலும் சரி, அவளைக் கொண்டுவந்து போன் முன்னால் நிறுத்த வேண்டும். அதுதான் மொக்கைச்சாமியின் உத்தியோகம்.

உத்தியோகம் கொடுத்தவர் லிங்கசாமி. சோளம் விதைத்துக்கொண்டிருந்த காட்டில் லைன் வீடு கட்டி, முன்பக்கம் மஞ்சள் போர்டு மாட்டி பூத் வைத்த கவுண்டர். மொக்கைச்சாமி அப்போது கட்டிங் மெஷினில் வலது கையின் இரண்டு விரல்களைப் பறிகொடுத்துவிட்டு, எந்தக் கம்பெனியும் சேர்த்துக்கொள்ளாமல் கடைசி லைனில் கடைசி அறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். வாடகை கேட்க வந்த லிங்கசாமி, அவர் பக்கத்து வீட்டுக்காரனைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டதைக் கேட்டார். "வெரலு போனாப் போகுதப்பா, தொண்டை இருக்குதல்ல" என்றார். மறுநாளே வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்.

தொண்டை என்றால் அது தொண்டை. வீதி முனையில் கரண்டுக் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, இரண்டு கையையும் வாயருகே குவித்து, "ஏ ராமாயி, போனு, ஆத்தா பேசுது" என்று அவர் குரல் கொடுத்தால் கடைசி அறையில் தூங்கும் பிள்ளை எழுந்து அழும். அத்தோடு விடமாட்டார். "வேல்விழிக்கு மாப்பிள்ளை வீட்டுப் போனு, பவுடர் போட்டுக்கிட்டு வா தாயி" என்பார். வேல்விழி வெட்கத்தில் செத்துப்போவாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீதியே அவர் வாயைப் பார்த்துக் காத்திருக்கும். யார் பெயர் வரும், யார் பெயர் வராது என்று பெண்கள் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு நிற்பார்கள். பெயர் வந்தவள் ஓடுவாள். வராதவள் தண்ணீர் பிடிப்பாள்.

எல்லாப் போனும் நல்ல போன் இல்லை. அங்கேதான் வந்தது வினை.

சாத்தூர்ப் பையன் ஜெபக்குமார் விஷயத்தில் ஆரம்பித்தது அது. அவன் அப்பா தவறிவிட்டதாகப் போன் வந்தது. புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த மொக்கைச்சாமி, வழக்கம்போல் கம்பத்தடியில் நின்று கத்தி வரவழைத்து, வந்தவனிடம் விஷயத்தைப் பட்டென்று போட்டு உடைத்துவிட்டார். பையன் போட்ட சட்டையோடு பஸ் ஏறினான். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாதவன் தாராபுரம் தாண்டுவதற்குள் பஸ்ஸிலேயே மயங்கி விழுந்தான். யாரோ நல்ல மனிதர்கள் இறக்கி, சோடா வாங்கிக் கொடுத்து, வேறு பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். அவன் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. திரும்பி வந்து மொக்கைச்சாமியிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்காததுதான் அவரைப் போட்டு அறுத்தது.

அதற்குப் பிறகு அவராக ஒரு முறை வைத்துக்கொண்டார். போன் எடுத்ததும், யாரைக் கூப்பிட வேண்டும் என்று கேட்டுவிட்டு, "சத்தம் போட்டுக் கூப்புடலாமா?" என்று ஒரு கேள்வி போடுவார். "ஓ, கூப்புடுங்க" என்று பதில் வந்தால் கம்பத்தடிக்குப் போவார். அந்தப் பக்கம் பேச்சு வராமல் நின்றால் அவருக்குப் புரிந்துவிடும். வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, வாயைத் திறக்காமல், அந்த வீட்டுக்கு நடந்து போவார். செருப்பை வாசலிலிருந்து தள்ளியே கழற்றுவார். "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பார். இல்லை என்றால், "சாப்பிடுங்க, நான் இருக்கேன்" என்று வெளியே உட்கார்ந்துகொள்வார். சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான், "ஊருக்குக் கெளம்பணும்" என்பார். செத்துப்போனார் என்கிற வார்த்தையை அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

வீதிக்கு இது தெரியாமல் இருக்குமா? மொக்கைச்சாமி சத்தமில்லாமல் வந்து சாப்பிட்டாச்சா என்று கேட்டால் ஊரில் ஒரு உயிர் போய்விட்டது என்பது எல்லாருக்கும் தெரிந்தது. தெரிந்தும் சாப்பிட்டார்கள். கண்ணீர் தட்டில் சொட்டச் சொட்டப் பிசைந்து சாப்பிட்டார்கள். அவர் வாயைத் திறந்து சொல்லாத வரைக்கும் ஊரில் அந்த ஆள் உயிரோடு இருந்தார். சோறு தீரும் வரைக்கும் அந்த உயிரைக் கொஞ்சம் பிடித்துவைத்துக்கொண்டார்கள்.

ஆனால் இதில் மொக்கைச்சாமி தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொண்டார். அவர் சும்மா வீதியில் நடந்தாலே சனம் பயந்தது. பேசாமல் குடத்தோடு குழாய்க்குப் போனால் பெண்கள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். யார் வாசலில் நிற்கிறாரோ என்று பார்த்தார்கள். அதனால் அவர் வீட்டை விட்டு இறங்கும்போதே இருமத் தொடங்கினார். "பாலுக்குத்தேன் போறேன்", "சும்மாத்தேன், கடைக்கு" என்று யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டு நடந்தார். புதிதாகக் குடிவந்தவர்கள் மனிதருக்கு மூளை கொஞ்சம் பிசகியிருக்கிறது என்று நினைத்தார்கள்.

வீதியில் எந்த விசேஷம் என்றாலும் அவருக்குச் சோறு வரும். பூத்துக்கே இலையில் கட்டி வந்துவிடும். பாயாசம்கூடத் தனித் தம்ளரில் வரும். சொல்லப்போனால் வேறு யாரையும்விட அவரைத்தான் நன்றாகக் கவனித்தார்கள். ஆனால் வீட்டுக்கு வந்து சாப்பிடுங்கள் என்று ஒருவர் சொன்னதில்லை. நல்ல நாளும் அதுவுமாக மொக்கைச்சாமி வாசலில் நிற்பதை யார் விரும்புவார்கள்? அவரும் அதைக் குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை. இலையைப் பிரித்து, பூத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து தனியாகச் சாப்பிட்டார். சாம்பாரில் உப்பு போதவில்லை என்று சொல்லக்கூடப் பக்கத்தில் ஆள் கிடையாது.

அவருக்கென்று இருந்தது ஓர் அக்காள். ஒச்சம்மா. உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் மகன் பெரியகருப்பன் வீட்டில் இருந்தாள். மொக்கைச்சாமியின் மனைவி முதல் பிரசவத்திலேயே போய்விட்டாள், பிள்ளையும் தங்கவில்லை. அப்புறம் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட அக்காள்தான் மிச்சம். பெரியகருப்பனோ மாமனோடு ஒரு வீட்டடி இடத்துக்காகச் சண்டை போட்டு, இந்தப் படியை இனி மிதிக்காதே என்று சொல்லியிருந்தான். அவரும் மிதிக்கவில்லை. அதனால் ஒச்சம்மா சந்தைக்குப் போகிற நாளில், மகனுக்குத் தெரியாமல் ஒரு பூத்தில் ஏறுவாள். எழுத்துத் தெரியாது. மண்ணரை பூத்தின் நம்பரை மட்டும் தாலாட்டு மாதிரி ராகம் போட்டு மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். பூத்துக்காரர் கேட்டால் அதே ராகத்தில் ஒப்பிப்பாள்.

பேச்சும் பெரிதாக ஒன்றும் இருக்காது. "சாப்ட்டியாடா?" என்பாள். "சாப்ட்டேன். நீ?" என்பார் அவர். "கருவாட்டுக் கொழம்பு வச்சேன், நெனப்பு வந்துச்சு" என்பாள். காசு ஓடுதே என்று பயந்து வைத்துவிடுவாள். சந்தை நாளில் அவர் பூத்தை விட்டு நகர மாட்டார். மூத்திரத்தை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

பிறகு செல்போன் வந்தது. முதலில் லிங்கசாமியின் கையில், பிறகு கம்பெனி மேனேஜர்கள் கையில், பிறகு ஒருநாள் பார்த்தால் ஜெபக்குமார் இடுப்பில் உறை போட்டுத் தொங்கியது. ராமாயியின் புருஷன் ஒன்று வாங்கினான். ஊரில் அவள் அப்பாவுக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தான். ஞாயிற்றுக்கிழமை குழாயடியில் நின்று மொக்கைச்சாமியின் வாயை யாரும் பார்க்கவில்லை. அவரவர் இடுப்பிலேயே மணி அடித்தது. கொஞ்ச நாள் அவர் பழக்கதோஷத்தில் கம்பத்தடியில் போய் நின்றுவிட்டுத் திரும்பினார்.

லிங்கசாமிக்கு வயதாகி, பூத் மகன் தரணீதரன் கைக்கு வந்தது. தரணி நல்ல பையன். மரியாதை தெரிந்தவன், ஆனால் வியாபாரி. கண்ணாடிக் கூண்டை எடுத்துவிட்டு ரீசார்ஜ் கடை வைத்தான். மொக்கைச்சாமியை விரட்டவில்லை. பனியனில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறை வெட்டுகிற வேலையைக் கம்பெனியிலிருந்து மூட்டையாக வாங்கிக் கொடுத்து, கடை ஓரத்தில் உட்கார்த்தி வைத்தான். இரண்டு விரல் இல்லாவிட்டாலும் பிசிறு வெட்டலாம்.

ஒருநாள் தரணி அந்தப் பழைய போனைக் காட்டினான். "ஏனுங்க மொக்கைண்ணா, இந்த லைனு எதுக்குங்க சும்மா கெடக்குது? வெட்டிப்புடலாமுங்களா?"

மொக்கைச்சாமி கையிலிருந்த கத்திரியைக் கீழே வைத்தார். அவர் யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவர்.

"தம்பி, எங்கக்காவுக்கு இந்த நம்பர் ஒண்ணுதேன் தெரியும். ஒங்க செல் நம்பரைச் சொல்லிப் பாத்தேன், அதுக்கு ஏறல. ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்கிச்சு. இதை வெட்டிட்டா நான் எங்கிட்டு இருக்கேன்னே அதுக்குத் தெரியாமப் போயிரும். அக்கா இருக்கிற வரைக்கும் இருக்கட்டும் தம்பி."

உள்ளே நாற்காலியில் சாய்ந்திருந்த லிங்கசாமி, கண்ணைத் திறக்காமலே, "இருந்துட்டுப் போகுது உடுடா" என்றார். போன் இருந்தது. சந்தை நாளில் ஒருமுறை அடிக்கும், மற்ற நாளெல்லாம் ஊமையாகக் கிடக்கும். தரணி அதன்மேல் கால்குலேட்டரை வைத்துக்கொண்டான்.

இப்படியே போயிருந்தால் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

ஒரு மத்தியானம், சந்தை நாள் இல்லை, போன் அடித்தது. மொக்கைச்சாமி மடியில் இருந்த பனியன்கள் தரையில் விழ எழுந்து ஓடி எடுத்தார். ஓர் ஆண் குரல். "ராமாயி அங்கனதான இருக்கு? அது புருஷன் செல்லு எடுக்க மாட்டேங்குது. கூப்புட்டு வைங்க" என்றது குரல்.

செல் எப்படி எடுப்பான், கம்பெனியில் வேலை நேரத்தில் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள். அதனால்தான் பழைய நம்பரைத் தேடியிருக்கிறார்கள். மொக்கைச்சாமிக்குத் தலைகால் புரியவில்லை. எத்தனை மாதம் கழித்து அடுத்தவருக்கு ஒரு போன். எத்தனை மாதம் கழித்துக் கூப்பிடச் சொல்கிறார்கள். அந்தப் பக்கத்துக் குரல் வைக்காமல் நின்றது, அவர் வழக்கமாகப் போடும் கேள்வியை எதிர்பார்க்கிற மாதிரி ஒரு மூச்சு நேரம் நின்றது. அவர்தான் நிற்கவில்லை. "இந்தா, இப்பக் கூப்புடுறேன்" என்று சொல்லி, அவரே போனை வைத்துவிட்டார்.

கம்பத்தடிக்கு ஓடினார். இரண்டு கையையும் குவித்தார். "ஏ ராமாயி, போனு, ஊர்லருந்து போனு தாயி, ஓடியா" என்று கொடுத்த குரலில் வீதியே வெளியே வந்துவிட்டது. வேல்விழி கைப்பிள்ளையோடு வந்து, "அய்ய, சித்தப்பாவுக்குத் தொண்டை தெறந்துருச்சு" என்று சிரித்தாள். ராமாயிக்கு அன்று உடம்பு முடியாமல் லீவு. துவைத்துக்கொண்டிருந்தவள், சோப்பு நுரை முழங்கை வரை வழிய, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடி வந்தாள். "யாரு சித்தப்பா, எந்தம்பியா? அவனுக்குப் பொண்ணு பாக்கப் போறோம்னாக" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். வழியெல்லாம் சிரிப்பு. பெண்கள் பின்னாலேயே வந்து கடை வாசலில் கூடிவிட்டார்கள். மணி அடித்தது. ராமாயி நுரைக் கையோடு எடுத்து, "சொல்லுடா, பொண்ணு எப்பிடி?" என்றாள்.

அந்தப் பக்கம் சொன்னதைக் கேட்டாள். மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். போன் அவள் கையிலிருந்து நழுவி, வயரில் தொங்கி ஆடியது. அவள் அப்பா காலையில் தோட்டத்தில் பாம்பு கடித்து இறந்துபோயிருந்தார்.

ராமாயி அழுவதற்கு முன்னால் தலையைத் தூக்கி மொக்கைச்சாமியைப் பார்த்தாள்.

"சத்தம் போட்டுக் கூப்புட்டீகளே சித்தப்பா" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். புருஷனைக் கம்பெனியிலிருந்து வரவழைத்து, இருவரும் பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினார்கள். மொக்கைச்சாமி ஒரு பன்னும் டீயும் வாங்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினார். பஸ் ஜன்னலுக்கு வெளியே நீட்டினார். ராமாயி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பஸ் போய்விட்டது. கையில் ஆறிப்போன டீயோடு அவர் வெகு நேரம் நின்றார். சாப்பிடாமல் போகிறாளே என்பது ஒன்றுதான் அவர் மனதில் ஓடியது.

வீதி பேசியது. மனிதர் வேண்டுமென்று செய்யவில்லை என்று தெரியும், இருந்தாலும் அந்தச் சிரிப்பையும் அதற்குப் பின்னால் வந்ததையும் பார்த்தவர்களுக்கு மனசு ஆறவில்லை. தரணி தரையைப் பார்த்துக்கொண்டே வந்து சொன்னான். "இனிப் போன் வந்தா நானே எடுத்துக்கறனுங்க. நீங்க பிசிறு மூட்டைய ஊட்டுக்கே கொண்டு போயிருங்க. தப்பா நெனச்சுக்காதீங்."

"எங்கக்கா போனு வந்தா?"

"ஆளுட்டுச் சொல்லி உடறனுங்க. அதுக்கென்னங்க."

அன்றைக்கு வேலை போயிற்று. சம்பளம் நின்று வெகுகாலமாகியும் வேலை அதுவரை இருந்ததாகத்தான் மொக்கைச்சாமி நினைத்துக்கொண்டிருந்தார்.

கடைசி அறையில் கதவைத் திறந்து வைத்துப் பிசிறு வெட்டினார். விடியுமுன் குழாய்க்குப் போய் வந்தார், அப்போதும் இருமிக்கொண்டே போனார். மற்றபடி யாரும் அவர் வாசலுக்கு வரவில்லை. ராமாயி கருமாதி முடித்துத் திரும்பி வந்தாள். கம்பெனி வீதியின் அந்தக் கோடிக்கு அப்பால் இருந்தது, அவர் அறையைத் தாண்டித்தான் போக வேண்டும், வர வேண்டும். பார்க்காமல் போனாள், பார்க்காமல் வந்தாள். ஒருமுறை அவர் "தாயி" என்று கூப்பிட வாயெடுத்தார். சத்தம் வரவில்லை. வீதியின் கடைசி வீட்டைக் கூப்பிட்டு எழுப்பிய தொண்டைக்குக் கையெட்டும் தூரத்தில் போகிறவளைக் கூப்பிட முடியவில்லை. தனிமை அவருக்குப் புதிதில்லை, ஆனால் இதுவரை அதில் ஒரு பயன் இருந்தது. இப்போது வெறும் தனிமையாகிவிட்டது.

சந்தை நாளில் மட்டும் தரணி அனுப்பிய ஆள் வந்து எட்டிப் பார்ப்பான். இவர் விழுந்தடித்துக்கொண்டு போவார். "சாப்ட்டியாடா?" கேட்கும். "சாப்ட்டேன்" என்பார், சாப்பிடாமலே. அதற்காக அந்த வாரத்தின் மற்ற நாட்களை ஓட்டினார்.

பிறகு ஒரு சந்தை நாள் ஆள் வரவில்லை. அடுத்த சந்தைக்கும் வரவில்லை. அக்காளுக்குக் காய்ச்சலாக இருக்கும் என்றும், சந்தைக்கு வேறு யாரையாவது அனுப்பியிருப்பாள் என்றும் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கடைக்கே போய்ப் போனை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார். உயிர் இருந்தது, இரைந்தது. வைத்துவிட்டு வந்தார்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை வெயில் ஏறுகிற நேரம். வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார். வீதியில் ராமாயி வந்தாள். கையில் மூடி போட்ட தூக்குப் பாத்திரம். கடைப் பக்கமிருந்து வந்தாள், தன் வீட்டைத் தாண்டி வந்தாள், இந்தப் பக்கம் வேறு வீடு கிடையாது. அவள் பேசவில்லை. முந்தானையை இழுத்துச் செருகியிருந்தாள். வாசலுக்குக் கொஞ்சம் தள்ளியே நின்று செருப்பைக் கழற்றினாள்.

மொக்கைச்சாமியின் கத்திரி நின்றது.

"சாப்ட்டீகளா சித்தப்பா?" என்று கேட்டாள்.

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. செருப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலிலிருந்து எவ்வளவு தள்ளி அவர் கழற்றுவாரோ அவ்வளவு தள்ளிக் கழற்றியிருந்தாள். எத்தனையோ வாசலில் எத்தனையோ பேரிடம் அவர் கேட்ட கேள்வி. அதை இந்தப் பக்கத்திலிருந்து கேட்கும்போது இப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாமல் இருந்துவிட்டது.

"இல்ல தாயி" என்றார்.

"சாப்புடுங்க. நான் இருக்கேன்."

பாத்திரத்தை வாசற்படியில் வைத்துவிட்டு வெளியே சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டாள். அவர் தட்டை எடுத்து வைத்தார். சோறு சூடாக இருந்தது. கருவாட்டுக் குழம்பு. அக்காள் வைப்பதைவிடப் புளி தூக்கல். அவர் மெதுவாகப் பிசைந்தார். மூன்று விரலும் உள்ளங்கையும்தான், உருண்டை பிடிக்க நேரம் ஆகும். இன்றைக்கு இன்னும் நேரம் எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு வாய்க்கும் அக்காள் இருந்தாள். சந்தைக்குக் கூடையோடு போனாள், பூத்தில் ராகம் போட்டு நம்பரை ஒப்பித்தாள், காசு ஓடுதே என்று பயந்தாள். கண்ணீர் தட்டில் விழுந்தது, அதையும் சேர்த்துப் பிசைந்தார். பாத்திரத்தில் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. எழுந்து கை கழுவினார்.

"ஊருக்குக் கெளம்பணும் சித்தப்பா" என்றாள் ராமாயி.

"யாரு பேசுனா?"

"பெரியகருப்பனாம். தரணிதேன் எடுத்துச்சு. நான் ரீசார்ஜுக்குப் போயிருந்தேன். ஆளுட்டுக் கூப்புடப் போனாக, வேணாம்னுட்டு நான் வந்தேன். கெடையில கெடந்தப்ப இந்த நம்பரவே சொல்லிக்கிட்டு இருந்துச்சாம் ஒங்க அக்கா. கேட்டுக் கேட்டு அந்தாளுக்கும் பாடமாயிருச்சாம். மாமனை வரச் சொல்லுங்க, வந்த பெறகுதேன் எடுப்போம்னு சொன்னாராம்."

மொக்கைச்சாமி சட்டையை மாட்டினார். பொத்தான் போட விரல் ஒத்துழைக்கவில்லை. ராமாயி உள்ளே வந்து போட்டுவிட்டாள். அந்த அறைக்குள் அவர் குடிவந்த நாளிலிருந்து வேறொருவர் கால் வைத்தது அன்றைக்குத்தான்.

"தரணிகிட்டச் சொல்லிரு தாயி. அந்த லைனை இனி வெட்டிரலாம்."

"சரி சித்தப்பா. தரணி வண்டிய எடுத்துக்கிட்டு நிக்கிது, பஸ் ஸ்டாண்டுல விட்டுரும். வாங்க."

இருவரும் வீதியில் இறங்கி நடந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் வீட்டில் இருந்தார்கள். மொக்கைச்சாமிக்கு இரும ஞாபகம் வரவில்லை. அவர் பேசாமல் நடந்து வருவதைப் பார்த்து ஒவ்வொரு கதவிலும் பெண்கள் எழுந்து வந்து நின்றார்கள். வேல்விழி பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு கதவைப் பிடித்தாள். யார் வாசலில் நிற்கப் போகிறார் என்று எல்லார் கண்ணும் அவர் காலையே பார்த்தது.

வேல்விழி வாசலுக்கு நேரே வந்தபோது அவர் நின்றார். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"பயப்புடாதீகத்தா" என்றார் மொக்கைச்சாமி. "எனக்குத்தேன்."